மாட்டுக்கு மடி

என் கண்ணான மகளுக்கு, இங்கே வீட்டில் எல்லோரும் சுகம், என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகிறேன் என்கிறது, அதை விடு. நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குப் பேனா ஓடாது. உன் அண்ணனின் மூத்தவனுக்கு வங்கியில் வேலை கிடைத்துவிட்டது, படம் போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குளிக்கும்போதுதான் கழற்றுகிறான். இளையவள் நீச்சலில் பள்ளிக்கே முதல், கோப்பையைத் துடைத்து வைப்பது நான். உன் தம்பியின் வாலுப் பையன் மேடையேறிப் பேசி, பாதியில் மறந்து, மறந்துபோச்சு என்று அதையும் மைக்கிலேயே சொல்லிக் கைதட்டல் வாங்கினான். உன் மகளைக் கடைசியில் வைத்தது காரணமாகத்தான், அவள் கதைக்கு இடம் நிறைய வேண்டும்.

குழந்தைகள் நூலகத்து வாசலில் வைக்க ஒரு சிலை செய்யும் வேலை கிடைத்ததைப் போனில் சொல்லியிருப்பாள். ஒரு படக்கதைப் புத்தகத்தில் வரும் மாடு அது. பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் மனுஷி மாதிரி உட்கார்ந்துகொண்டு, கால் வலிக்கிற பிள்ளைகளையெல்லாம் மடியில் ஏற்றிக்கொள்ளும். பெரிய பெரிய எழுத்து, என் அஞ்சாம் வகுப்புப் படிப்புக்குத் தோதான புத்தகம், நானே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். பிள்ளைகள் நிஜமாகவே அந்த மடியில் ஏறி உட்கார வேண்டும் என்று இவளுக்குப் பிடிவாதம். களிமண்ணில் சின்னதாகச் செய்து காட்டியபோது நூலகத்து அம்மாளுக்கு வாயெல்லாம் பல். பிறகு தகட்டில் பெரிதாகச் செய்ய வெல்டிங் பட்டறைக்குப் போனது. அவள் உன்னிடம் சொல்லாமல் விட்டது இதற்கு மேல்தான். அம்மாகிட்ட மூச்சு விடாதே பாட்டி என்றாள், நானும் மூச்சு விடவில்லை, எழுதத்தான் செய்கிறேன்.

மாட்டின் தொடை குறுகலாக வந்துவிட்டது, பிள்ளைகள் வழுக்கி விழுவார்களோ என்று இவளுக்குக் கவலை. பட்டறைக்காரரைப் போனில் கூப்பிட்டு, மாட்டுக்கு மடி பத்தலண்ணே, நல்லா பெரிசா, கெட்டியா வச்சிடுங்க என்றாளாம். அவரும் சரிம்மா என்றாராம். அது முடிந்ததென்று தகவல் வந்ததும் நூலகத்து அம்மாளை அழைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். போய்ப் பார்த்தால், என்னத்தைச் சொல்ல, அண்டா அளவுக்கு ஒரு பால்மடி, நாலு காம்போடு பளபளவென்று மாட்டுக்கு நடுவே தொங்குகிறது. களிமண் மாட்டுல காம்பே இல்லையேன்னு நானும் யோசிச்சேம்மா, கேட்டா தப்பா எடுத்துப்பியோன்னு விட்டுட்டேன், நல்லவேளை நீயே சொன்னே என்கிறார் அவர், முகத்தில் அத்தனை பெருமை. நூலகத்து அம்மாள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, இதை வாசல்ல வச்சுட்டு நான் எங்கேம்மா முகத்தை வச்சுக்கறது, வாரக் கடைசிக்குள்ள சரியாகலேன்னா அங்கே நீரூற்றே வச்சுக்கறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். இருந்த தகடெல்லாம் அந்த மடிக்கே போய்விட்டது, புதுத் தகடு வர வாரம் தாண்டுமாம்.

உன் மகள் சண்டை போடுவாள் என்று பார்த்தேன். போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அம்மா சொன்ன மாதிரி அங்கேயே போய் ஆபீஸ் வேலையில சேர்ந்துடறேன் பாட்டி, இதெல்லாம் எனக்கு வராது என்றாள். தனிக்குடித்தனக்கார முழங்கால் அதற்கு மேல் என்னை நிற்கவிடவில்லை, பட்டறையில் நாற்காலி ஏது. பட்டறைக்காரர் வெட்கப்பட்டு அதைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார், நாலு காம்பும் நாலு காலாக ஊன்ற, அண்டா மாதிரி வாய் மேலே பார்க்க நின்றது, நான் பாட்டுக்கு அதில் உட்கார்ந்துவிட்டேன். அது என்னைச் சௌகரியமாக உள்ளே வாங்கிக்கொண்டது, எழுந்திருக்க முடியவில்லை. ஐயோ பாட்டி, அது மாட்டு மடி என்று அவர் பதறுகிறார். மடின்னா உட்காரத்தானேப்பா என்றேன், எரிச்சலில் சொன்னதுதான். உன் மகள் ஈரக்கையோடு அப்படியே நின்று, அசையாதே பாட்டி என்றாள். டேப்பை எடுத்து என் இடுப்பைச் சுற்றி அளக்கிறாள், சாக்பீஸால் கோடு போடுகிறாள், அண்ணே காம்பை அறுத்துட்டு இதையே இப்படியே தூக்கித் தொடைமேல வச்சுப் பத்த வையுங்க என்கிறாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிக்கிறாள். இப்போது அந்த மடியில் பிள்ளைகள் தாராளமாக உட்காரலாம். நூலகத்து அம்மாள் வந்து முதலில் தானே உட்கார்ந்து பார்த்தார், நீரூற்றுப் பேச்சையே எடுக்கவில்லை.

நீ அவளை அங்கே கூப்பிடுவது ஆசையினால்தான், எனக்குத் தெரியாதா. பெற்றவளுக்குப் பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இருக்கத்தான் செய்யும். ஆனால் சாக்பீஸும் கையுமாக நின்ற அவள் முகத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். நீ இன்னொரு தடவை கூப்பிட்டால் வந்துவிடுவாள், அதுதான் என் பயம். கூப்பிடாதே கண்ணு.

நீ நோய் நொடி இல்லாமல் நீடூழி இரு. ஈரத் தலையோடு வெளியே போகாதே. ஒன்றே ஒன்று, மாட்டுக்கு முகம் இன்னும் பாக்கி. கதையின் கடைசிப் படத்தில் பேருந்து வந்துவிடும், பிள்ளைகள் மடியை விட்டு இறங்கி ஓடிப்போய் ஏறிக்கொள்வார்கள், மாடு பார்த்துக்கொண்டிருக்கும். அழாது, திரும்பக் கூப்பிடாது. அந்தப் பார்வைதான் இவள் கைக்கு வரவில்லை. அலமாரியில் இருக்கும் உன் படத்தை வைத்துச் செய்து பார்த்தாள், அதில் நீ அவளைவிடச் சின்னப் பெண். மாட்டுக்கா என் மூஞ்சி என்று சண்டைக்கு வராதே. பவுடர் பூசாமல், போட்டோவுக்கென்று சிரிக்காமல், இப்போது இருக்கிற முகத்தோடு அவளை நினைத்துக்கொண்டு ஒரு படம் எடு. போனில் வேண்டாம், பட்டறைச் சுவரில் ஒட்ட வேண்டுமாம், பெரிதாகப் போட்டுத் தபாலில் அனுப்பு.

உன் அம்மா