மெதுவாகச் சாத்த வேண்டிய கதவு

கப்பலில் இருக்கும் என்னவருக்கு,

"ஒரு பொண்ணு போதும், புற்றுநோய்க்கு உடனே மருந்து ஏத்திக்கோ" என்று போனில் கெஞ்சினீர்கள். அந்த மருந்து கருமுட்டைகளை அழித்துவிடலாம் என்பதால், மருத்துவரிடம் பன்னிரண்டு நாள் அவகாசம் வாங்கினேன். கோபப்படாதீர்கள்.

முந்தாநாள் ஒன்பது முட்டைகளை எடுத்து உறையவைத்துவிட்டார்கள்.

நர்ஸ் அதைச் சொன்னபோது நம் வாயாடி மகள் கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, ஃப்ரிட்ஜுல வெச்சா குஞ்சு பொரிக்காதே?"

"இப்ப வேணாம்டி. அம்மாவுக்கு உடம்பு தேறட்டும்."

"தேறிடுமா?"

"தேறிடும்" என்றேன். அவளுடைய இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொன்னது இதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை மருந்து ஏற்றுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் கடிதங்களில் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முட்டைகள் நம் வீட்டு ஃப்ரிட்ஜில் இருப்பதாக நினைத்து, அதன் கதவை யாரையும் அறைந்து சாத்த விடுவதில்லை அவள். நீங்கள் வந்தாலும் மெதுவாகத்தான் சாத்த வேண்டும்.

உங்கள் அடைக்கோழி