மீட்டருக்கு முன்னால் ஒரு குழாய்

மாப்ள,

இன்று காலை ஜேசிபி அந்தச் சரளைக் குவியலை அள்ளியது. போர்வெல் மோட்டாருக்கும் மீட்டருக்கும் நடுவில், யாரையும் கை வைக்க விடாமல் கொட்டி வைத்திருந்தாயே, அதேதான். நாளை அதிகாரிகள் குவாரியைப் பார்க்க வருகிறார்கள், இடம் சுத்தமாக இருக்கட்டும் என்று நான்தான் அள்ளச் சொன்னேன். அடியில், மீட்டருக்கு முன்பே பிரிந்து போகும் ஒரு கிளைக் குழாய்.

சரளை கழுவ எடுக்கும் தண்ணீருக்கு அளவு உண்டு. மீட்டர் காட்டும், நான் பதிவேட்டில் எழுதுவேன். இந்தக் குழாய் வழியே போன தண்ணீர் மீட்டரில் ஏறியே இருக்காது. மோட்டார் உன் பொறுப்பு. முதலில் வந்த எண்ணத்தை மறைக்கப் போவதில்லை. திருட்டுப் பயலே, நீதானா என்றுதான் நினைத்தேன். நீ செத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

போன வருடக் கோடையில் சோழவந்தான் கொடிக்கால்காரர்கள் வந்தார்களே, வெற்றிலைக் கொடிக்குப் பாய்ச்சக் கிணற்றில் தண்ணீர் இல்லை என்று? அனுமதித்த அளவுக்குள்தான் எடுக்கிறோம் என்று நான் பதிவேட்டை விரித்துப் பெருமையாகக் காட்டினேன். நீ மோட்டார் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாய். அடுத்த வாரம் மீட்டர் தாறுமாறாக ஓடியதும் உன்மேல் பாய்ந்தேன்.

"என்ன மாப்ள, மீட்டர் இம்புட்டு ஓடுது?"

"ஓடுறதத்தான காட்டும். ஏன், குறைச்சுக் காட்டணுமாக்கும்?"

அன்று நீ பார்த்த பார்வை எனக்குப் புரியவில்லை. அதன்பின் மீட்டர் பெட்டிக்கு நூல் கட்ட ஆரம்பித்தாய். யாராவது திறந்தால் முடிச்சு காட்டிக் கொடுத்துவிடும் என்றாய். அந்த முடிச்சை எனக்குச் சொல்லித் தரவே இல்லை. கிறுக்கு முற்றிவிட்டது என்று கேலி செய்தேன்.

குழாயின் வாயைத் துடைத்துப் பார்த்தேன். இரும்பு மூடி வைத்துப் பற்றவைத்திருந்தது. மூடிமேல் ஆணியால் கீறிய ஓர் எண், உன் கோணல் ஏழோடு. பதிவேட்டைப் புரட்டினேன். கொடிக்கால்காரர்கள் வந்துபோன மறுநாள் மீட்டர் காட்டிய எண் அது.

அடைத்தது நீ. அதன்பின் எல்லாத் தண்ணீரும் மீட்டர் வழியே போனதால்தான் அது அப்படி ஓடியிருக்கிறது. யார் போட்டது என்று தெரியாததால் என்னிடமும் சொல்லவில்லை. பதிவேடு என் கையில்தானே இருந்தது, என்மேல் சந்தேகம் வந்தது நியாயம்தான். ஆனாலும் வலிக்கிறது மாப்ள. ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டோம். நான் மட்டும் என்ன, மூடியைப் பார்க்கும்வரை உன்னைத் திருடனாக்கியவன்தானே.

மத்தியானம் முதலாளி வந்தார், குழாயைப் பற்றிச் சொன்னேன். காரை விட்டு இறங்கவே இல்லை. "பழைய குழாய்தானப்பா, மண்ணத் தள்ளி மூடிரு" என்றார். பார்க்காமலே பழையது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நான் மூடவில்லை. குழாய் இருக்கும் இடத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாளை அதிகாரிகள் பார்க்கட்டும். வேலை போனால் போகிறது.

கிளம்பும்போது மீட்டர் பெட்டிக்கு நூல் கட்டிவிட்டு வந்தேன். என்ன முடிச்சு என்று உன்னிடம்கூடச் சொல்ல மாட்டேன்.