பெரட்டில் நான் சொன்னது

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

பாப்பா, இன்று மூட்டுவலிக்குப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் மகள் நீ எந்நேரமும் படுத்தே கிடந்து செத்துப்போனதை டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"உடம்புக்குள்ள அழற்சி நெடுநாள் இருந்தா மரபணு மேல தடம் விழும்மா. மனச்சோர்வு உள்ள சிலரோட ரத்தத்துல அந்தத் தடம் இருக்கு. எதால எது வருதுன்னு இன்னும் தெரியல. ஆனா அது சோம்பல் இல்ல" என்றார்.

நீ இருந்தபோது ஒருநாள் காலை, தேயிலைத் தோட்டத்துப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கும்போது கங்காணி உன்னைப் பார்த்து, "புள்ளைக்கு முடியல போல, வீட்டுக்குப் போகட்டும்" என்றார். நான்தான், "நோவு ஒண்ணுமில்லங்க, வெறும் சோம்பேறி. மலைக்கு அனுப்புங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டே கூடையை மாட்டினாய்.

"வீட்டுல நல்லா பாத்துக்கிட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

நீயும் உன்னைச் சோம்பேறி என்றே நம்பிவிட்டாயா?