சத்தம் போடாத லேப்டாப்

பிப்ரவரி 4
ஒலிநூல் நிறுவனத்திலிருந்து பதில் வந்துவிட்டது. குரல் பிடித்திருக்கிறதாம். ஆனால் மாதிரிப் பதிவின் பின்னணியில் ஓர் இரைச்சல் விடாமல் கேட்கிறதாம். அதை நீக்கி மாத இறுதிக்குள் மறுபடி அனுப்ப வேண்டும்.

இரைச்சலா? பேருந்து நிலையத்தில் ஒன்பது வருஷம் அறிவிப்பு வாசித்தவள் நான். அங்கே இரைச்சலுக்கு மேலே பேசத்தான் சம்பளமே. இப்போது அந்த வேலையை ஏதோ இயந்திரக் குரல் செய்கிறது. துணி அலமாரிக்குள் உட்கார்ந்து, கதவையும் சாத்திக்கொண்டு பதிந்தேனே, எங்கிருந்து வந்தது இரைச்சல்?

பிப்ரவரி 5
கண்டுபிடித்துவிட்டேன். குற்றவாளி என் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறது! தம்பி என் தலையில் கட்டிய பழைய லேப்டாப். இரண்டு பக்கம் வாசிப்பதற்குள் சூடாகி, உள்ளே இருக்கும் விசிறி சுழல ஆரம்பிக்கிறது. வெளியே வைக்கலாமென்றால், வாசிக்க வேண்டிய பக்கங்கள் அதன் திரையில்தான் இருக்கின்றன. போனில் பதிந்தால் ஏற்க மாட்டார்கள்.

புதிதுதான் வாங்க வேண்டும். கையில் இருப்பது, வேலையை விட்டு அனுப்பும்போது கொடுத்த தொகையில் மிச்சம். அவ்வளவுதான்.

மாமனாருக்குச் செய்தி எட்டிவிட்டது. "பேசறதுக்கு எவம்மா காசு குடுப்பான்? கார் நிறுத்துற இடத்துல சீட்டுக் கிழிக்க ஆள் வேணுமாம். ஒண்ணாம் தேதி நீ வருவேன்னு சொல்லி வெச்சிருக்கேன்." என்னைக் கேட்காமலே! என் வீட்டுக்காரரோ, "மாசம் முடியட்டும், பாப்போம்" என்று நழுவிவிட்டார். அந்தக் கூண்டுக்குள் வாயே திறக்க வேண்டாம்.

பிப்ரவரி 7
தம்பி லேப்டாப் பட்டியல் அனுப்பியிருக்கிறான். எல்லாம் அருமை. ஒன்றும் எட்டாது.

பிப்ரவரி 9
கடைக்குப் போனேன். எல்லாரும் லேப்டாப்பைக் கண்ணால் பார்க்கிறார்கள், விரலால் தட்டிப் பார்க்கிறார்கள். நான் குனிந்து காதை வைத்தேன். விற்பனைப் பெண் பதறி ஓடி வந்தாள். "மேடம், தலை சுத்துதா? தண்ணி கொண்டு வரட்டா?"

விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. கடையில் வரிசையாக டிவிகள் அலறியதால் ஒன்றும் கேட்கவில்லை. நாலு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் சரக்கு வைக்கும் அறைக்கே போய்விட்டோம். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே இரண்டு பேரும் மாறி மாறிக் காதை வைத்தோம். ஒன்று சீறுகிறது, ஒன்று முனகுகிறது.

"விசிறி எதுக்குத்தான் இருக்கு?"
"வேகமா வேலை செஞ்சா சூடாகும் மேடம். அதை ஆத்தத்தான்."
"அப்ப மெதுவா வேலை செய்யறதுக்கு?"

யோசித்தாள். "இருக்கறதுலயே மலிவா ஒண்ணு இருக்கு. அதுல விசிறியே கிடையாது. ஆனா அதைப் பெரியவங்க யாரும் வாங்க மாட்டாங்களே!"

பிப்ரவரி 10
தம்பி போனில் குதித்தான். "அக்கா, அது பொம்மை. ரெண்டு வேலை சேர்ந்தாப்ல குடுத்தா படுத்துரும். ஆழம் தெரியாம காலை விடாத."

நான் கொடுக்கப்போவது ஒரே வேலைதானே? இவ்வளவு பணம் கொடுத்து வேகத்தை வாங்கி, அந்த வேகத்தோடு வரும் இரைச்சலையும் எதற்கு வாங்க வேண்டும்? ஆனால் தப்பாகிவிட்டால்? மறுபடி வாங்கக் காசு இல்லை.

பிப்ரவரி 12
வாங்கிவிட்டேன். பொத்தானை அமுக்கிவிட்டு டீ போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தால் அப்போதுதான் கண் விழிக்கிறது. இருக்கட்டும். பத்துப் பக்கம் வாசித்தேன். மூச்சுப் பேச்சு இல்லை!

வேடிக்கை என்னவென்றால், விசிறி போனதும் அதன் பின்னால் ஒளிந்திருந்த சத்தமெல்லாம் வெளியே வருகிறது. பக்கத்து அறைக் கடிகாரம். சமையலறைக் குழாய்ச் சொட்டு. என் வயிறு கூட! கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன், குழாய்க்கு அடியில் துணி வைத்தேன். வயிற்றுக்கு இரண்டு பிஸ்கட்.

பிப்ரவரி 15
மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "பஸ் எப்பக் கிளம்பும்னு சொல்ற மாதிரியே கதையும் சொல்றே."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போய்ப் போட்டுக் கேட்டால், உண்மைதான். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு பேருந்தை அனுப்பி வைக்கிறேன். முதலிலிருந்து மறுபடி வாசிக்கிறேன்.

பிப்ரவரி 19
அனுப்பிவிட்டேன். இனி என் கையில் இல்லை.

பிப்ரவரி 24
எடுத்துக்கொண்டார்கள்! ஒப்பந்தமும் கூடவே வந்துவிட்டது. பின்னணி துல்லியமாம். ஒரே ஒரு திருத்தம்: ஒன்பதாவது நிமிடத்தில், கதையில் வரும் தபால்காரர் தப்பான வீட்டுக்குள் போய் விருந்து சாப்பிடும் இடத்தில், யாரோ சிரிக்கிறார்கள். அதை மட்டும் மறுபடி வாசித்து அனுப்ப வேண்டும்.

யார் சிரித்தது? நான் இல்லை. அன்றைக்கு இவர் வேலைக்குப் போயிருந்தார். ஹெட்போனை மாட்டி, சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன். அலமாரிக் கதவுக்கு அந்தப் பக்கம், வாயைப் பொத்திக்கொண்டு ஒரு சிரிப்பு. பொத்த முடியாமல் கடைசியில் ஓர் இருமல். அந்த இருமலை இந்த வீட்டில் தினமும் கேட்கிறேன்.

பழைய லேப்டாப்பாக இருந்தால் அது என் காதில் விழுந்தே இருக்காது. மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். அழுகை வந்துவிட்டது.

பிப்ரவரி 25
நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே ஆரம்பித்தார்.

"சீட்டுக் கிழிக்கற வேலைக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லிட்டேன்."
"சரி மாமா."
கொஞ்ச நேரம் பேப்பரைப் புரட்டினார். "அந்தத் தபால்காரன்... சாப்பிட்டதுக்கு அப்புறம் மாட்டிக்கிட்டானா இல்லையா?"

மார்ச் 2
இரண்டாம் அத்தியாயம். அலமாரிக்கு வெளியே நாற்காலி போட்டு, அதன் மேல் தடிமனான துண்டு ஒன்றும் வைத்திருக்கிறேன். சிரிப்பு வந்தால் வாயில் வைத்துக்கொள்ள. "அதெல்லாம் எனக்குத் தெரியும், நீ படி" என்கிறார்.