மூன்றாவது வீடு

விம்கோ நகர்,
14.7.2002

அன்புள்ள அம்மாவுக்கு, ராமசெல்வி எழுதுவது. அப்பாவின் முழங்கால் வீக்கம் வற்றியதா? இங்கே நாங்கள் கடையும் பிள்ளையுமாக நலம்.

நேற்று கடையில் உளுந்து நிறுத்துக்கொண்டிருந்தபோது காரணமில்லாமல் அழுதுவிட்டேன். பயப்படாதீர்கள். வாடிக்கைக்காரி கெங்கம்மா, "இன்னாமே, அழுதுகினே எட போட்ற? கண்ணு தண்ணியும் கணக்குல சேருமா?" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கருத்தடை மாத்திரை தொடங்கியதிலிருந்தே இப்படித்தான். டாக்டரம்மாவிடம் சொன்னால், "ஊரே சாப்பிடுது, உனக்கு மட்டும் என்ன?" என்கிறார். உங்கள் மருமகனோ, "இந்த வீடு உனக்கு ஆகல செல்வி" என்று கொருக்குப்பேட்டையிலிருந்து இங்கே குடிமாற்றினார். மாத்திரை அட்டையும் பாத்திரங்களோடு கூடவே வந்தது. இப்போது மணலி புதுநகரில் வீடு பார்க்கிறார். நான் கோபத்தில் கத்தினால், "பாத்தியா, இந்த வீடும் சரியில்ல" என்கிறார்.

நீங்கள் சொன்னால்தான் அவர் கேட்பார். கடைக்கு போன் செய்து, மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு வழி பார்க்கச் சொல்லுங்கள். வீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம்.

கடையில் ஆள் நிற்கிறது, முடிக்கிறேன். நம் ஊர் லாரி வந்தால் கொஞ்சம் இலவம்பஞ்சு கொடுத்தனுப்புங்கள். என் தலையணை நனைந்து நனைந்து கட்டியாகிவிட்டது.

உங்கள் மகள்,
ராமசெல்வி