முனாஸ் உன்னிடம் சொன்னது

கட்டுகஸ்தோட்டை,
சனிக்கிழமை, அஸர் தொழுத பின்.

அன்பு மகள் நுஹாவுக்கு உம்மாவின் ஸலாம்.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர. அதைப் பற்றி நீ கேட்டதில்லை, அதனால் நானும் விவரமாக எழுதப் போவதில்லை. அந்தக் குளிரில் நீ நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் துஆ கேட்கிறேன். இந்தக் காலத்தில் எந்த உம்மா கடுதாசி எழுதுகிறாள் என்று சிரிப்பாய், சிரி. போனில் கதைத்தால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினால் வேகத்தைக் கூட்டிவிட்டுக் கேட்கிறாயாம், உன் தம்பி அஸ்ஃபர்தான் சொன்னான். உம்மா பேசுவதை உம்மா பேசுகிற வேகத்தில் கேட்க நேரமில்லாத பிள்ளைக்குக் கடுதாசிதான் சரி. பக்கத்து வீட்டு ஷஹ்மா லீவு முடிந்து நாளைக்கு ஜெனீவாவுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் மாசிக் கருவாடும் மிளகாய்த்தூளும் ஒரு போத்தல் அச்சாறும் கொடுத்துவிடுகிறேன், இதுவும் அதோடு வரும். திங்கட்கிழமை உன் கைக்குக் கிடைத்துவிடும். புதன்கிழமை அந்த மனுசனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாயே, அதற்கு முன்னால் வாசி. முழுக்க வாசி.

நீ இந்தப் பதவிக்கு ஏறியபோது வாப்பா கடைக்கு வந்த ஒருவரையும் விடவில்லை. என் மகள் பெரிய சர்வதேச நிறுவனத்தில் நிறுவன மேம்பாட்டுக்கே தலைவி என்று கேட்டுவிட்டுத்தான் சீமெந்து வாங்க வந்தவன் மூட்டையைத் தூக்க வேண்டும். அது என்ன வேலை ஹாஜி என்று யாராவது திருப்பிக் கேட்டால் இருமுவார். எனக்கும் நீ எத்தனையோ தரம் விளக்கினாய். வெள்ளத்தில் அகப்பட்டவனுக்கு அரிசி கொண்டுபோகிறது நீ இல்லை, அதைக் கொண்டுபோகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படி நடக்க வேண்டும், யாருக்கு மேல் யார் இருக்க வேண்டும், அவர்களுடைய மனசு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் உன் வேலையாம். உலகம் முழுக்கப் பதினோராயிரம் பேர் இருக்கிற இடத்தில் அப்படியும் ஒருவர் வேண்டுமாக்கும். ஆனால் நீ அனுப்பின படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு உங்கள் ஆட்கள் மேல் இருந்த மதிப்பு போய்விட்டது. கோட்டுப் போட்ட, தலை நரைத்த மனுசர்கள் வட்டமாக நின்று நூல்பந்தை ஒருவர் மேல் ஒருவர் எறிகிறார்கள். நம்பிக்கை வளர்க்கிறார்களாம். அந்த நூலைச் சிக்கெடுக்கவும் ஒரு பதவி வைத்திருப்பீர்கள்.

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன். பகல் நான் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது நீ போன் எடுத்து அழுதாய். நீ சொன்னது எனக்குச் சரியாக விளங்கியதா என்று பார். மனம்விட்டு எழுதுங்கள், யார் எழுதியது என்று ஒருவருக்கும் தெரியவராது என்று உன் பெயரைப் போட்டு வாக்குக் கொடுத்து அந்தப் பதினோராயிரம் பேரிடமும் கேட்டாய். எழுதினார்கள். சிலர் உங்கள் நிறுவனத்துக்கே தலைமையில் இருக்கிற அந்தப் பெரிய மனுசனைப் பற்றியே எழுதிவிட்டார்கள், கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் அவமானப்படுத்துகிறார், எதிர்த்துக் கதைத்தால் தூரத்துக்கு மாற்றிவிடுகிறார் என்று. இப்போது அந்த ஆட்கள் யார் என்று அவர் உன்னிடம் கேட்கிறார். பெயர் இல்லாவிட்டாலும் எந்த அலுவலகம், என்ன பதவி என்று உனக்குத் தெரிகிறது, மூன்று பேர் இருக்கிற அலுவலகத்தில் ஆளைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். கொடுக்காவிட்டால் உன் வேலை நீடிக்காது என்று மறைமுகமாகச் சொல்லிவிட்டார். இவ்வளவும் சொல்லிவிட்டு கடைசியில் நீ என்ன சொன்னாய்? நிர்வாகத்துக்குள்ளதானே உம்மா, வெளியால போகாது, அவங்களுக்கு ஒண்டும் ஆகாது என்றாய். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது, நீயோ அழுதுகொண்டிருந்தாய், அதுதான்.

மழை வந்துவிட்டது, உடுப்பு எடுக்கப் போனேன். நான் கத்தியபிறகுதான் அஸ்ஃபர் எழுந்து வந்து ஒரு சாரத்தை எடுத்துத் தந்தான், ஒன்றே ஒன்று. அவனுக்குப் பெண் பார்க்கச் சொல்கிறாய், யாருடைய பிள்ளையை நான் கெடுக்க?

நம் கடை முனாஸைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். டைல்ஸ் கடையில் கூடுதல் சம்பளம் கிடைத்தது, போய்விட்டான் என்றுதானே வாப்பா உனக்குச் சொன்னார். பொய். நானும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன், லீவு முடிந்து போன பிள்ளையின் மனசை எதற்கு உடைக்க வேண்டும் என்று. இப்போது உடைக்கத்தான் எழுதுகிறேன்.

போன பெருநாளுக்கு வந்தபோது கடையையும் மேம்படுத்துகிறேன் என்று கிளம்பினாயே, நினைவிருக்கும். ஜும்ஆவுக்குப் பிறகு கடையை மூடி, பிளாஸ்டிக் கதிரைகளை வட்டமாகப் போட்டு, நிறம் நிறமான கடதாசித் துண்டுகளைப் பெயின்ட் டின்களில் ஒட்டினாய். நான் தேத்தண்ணியும் பெட்டிஸும் கொண்டுவந்தேன். வட்டத்துக்குள் வாப்பாவும் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தார், முதலாளியை வைத்துக்கொண்டு முதலாளியிடம் என்ன குறை என்று கேட்கிற புத்தியை எந்தப் பல்கலைக்கழகத்தில் வாங்கினாயோ. கலஹாவிலிருந்து வந்து சாமான் ஏற்றி இறக்குகிற தினேஸ், எல்லாம் நல்லா இருக்குங்க என்றான். லொறி ஓட்டுகிற சுதேஷ் சிரித்தான். பிறகு நீயே பிழை விளங்கி, ஒவ்வொருவராகக் கூரைத் தகடு அடுக்கியிருக்கிற பக்கம் கூட்டிப்போய்த் தனியாகக் கேட்டாய். இங்க சொல்றது என்னோட நிக்கும் என்று நீ சொன்னது தேத்தண்ணிக் கோப்பை எடுக்க வந்த என் காதிலும் விழுந்தது. முனாஸ் தன் தாடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து வாப்பாவின் கடையில் நின்றவர். உன்னை மழை நாளில் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனவர். அவ்வளவு காலம் வாயைத் திறக்காத மனுசன் உன் சொல்லை நம்பித் திறந்தார்.

அன்றைக்கு இராச் சாப்பாட்டில் நீ அதை எங்களுக்கு நடித்துக் காட்டினாய். முதலாளி ஏசுறது பரவாயில்ல மகள், ஆக்களுக்கு முன்னால ஏசுறதுதான் ஏலாது, புது மருமகன் கடைக்கு வந்து நிக்கிற நேரம் ஏசினார், அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளைட முகத்த நேர பாக்க ஏலாம ஈக்கிது. இதை முனாஸ் எச்சில் விழுங்கி விழுங்கிச் சொன்ன மாதிரியே சொன்னாய். அஸ்ஃபருக்குச் சிரித்துப் புரையேறியது. நானும் சிரித்தேன், நல்லாகத்தான் நடித்தாய். வாப்பா எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார், பிறகு சட்டென்று நிறுத்திவிட்டுக் குழம்பு கேட்டார். வாப்பா, கடையில இதக் காட்டிக்கொள்ளாதீங்க என்று நீ சொன்னாய். வீட்டுக்குள்ளதானே என்று அவர் சொன்னார். நீயும் தலையாட்டினாய், வீட்டுக்குள்ளதானே என்று.

நீ பிளேன் ஏறி ஒரு கிழமை ஆகவில்லை. கடையில் நல்ல சனம், முனாஸ் வீடு கட்டுகிற ஒரு மேசனுக்குப் பைப் முழங்கையை அளவு மாற்றிக் கொடுத்துவிட்டார். வாப்பா கத்தப் போனவர் நிறுத்தி, குரலைத் தேன் மாதிரி ஆக்கிக்கொண்டு, நான் மெதுவாத்தான் சொல்றேன் முனாஸ், மருமகன் யாரும் இங்க நிக்கல்லத்தானே என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். காரணம் தெரியாமலே சனம் சிரித்தது. அஸ்ஃபர் காசு மேசையில் இருந்துகொண்டு சிரித்தான், அவனுக்குக் காரணம் தெரியும்.  முனாஸ் மேசனுக்குச் சரியான அளவை எடுத்துக் கொடுத்தார், பின்னேரம் வரை நின்று வேலை செய்தார், கடையைப் பூட்டிச் சாவியை அஸ்ஃபர் கையில் வைத்தார். அடுத்த நாள் வரவில்லை. உன் வாப்பா தன் வாய்க்குக் கிடைத்த பகிடியை விட்டுவிடுகிற மனுசன் இல்லை, அது கல்யாணம் முடித்த அன்றிலிருந்து எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். தெரிந்துதான் அவர் தட்டில் கொண்டுபோய் வைத்தாய்.

நான் பஸ் மாறி குண்டசாலைக்கு அவர் வீட்டுக்குப் போனேன், இந்த முழங்காலோடு. கதிரை இழுத்துப் போட்டார், மனைவியைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தரச் சொன்னார், மரியாதையில் ஒரு குறையில்லை. திரும்பி வாங்க முனாஸ் என்றேன், பாப்போம் ராத்தா என்றார். புது இடம் எப்படி என்றேன், அல்ஹம்துலில்லாஹ், நல்லம். பிள்ளைகள், நல்லம். நெஞ்சு வருத்தம், நல்லம். முன்பெல்லாம் வாப்பாவுக்குத் தெரியாமல் என்னிடம் எவ்வளவு கதைப்பார், மகளுடைய கல்யாணக் கவலையெல்லாம் எங்கள் குசினி வாசலில் நின்றுதான் சொன்னார். அன்றைக்கு எதைக் கேட்டாலும் நல்லம். வெளிக்கிடும்போது மட்டும் செருப்பைப் பார்த்துக்கொண்டு, ராத்தா, நுஹா மகள் சொல்ல மாட்டேன்டுதானே சொன்னா என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு உன்மேல் அவ்வளவு வெறுப்பு வந்தது மகள், பெற்ற பிள்ளை மேல் அப்படி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

இதில் பெரிய கூத்து என்னவென்றால் உன் வைத்தியம் பலித்துவிட்டதாம். காலையில் கடை திறந்ததும் வாப்பா நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே, என்ன, குறை ஏதும் இருந்தா சொல்லுங்க என்று கேட்கிறார். ஒன்றும் இல்லை முதலாளி என்கிறார்கள். பார்த்தீங்களா, ஒருத்தனுக்கும் குறை இல்லை என்று என்னிடம் வந்து பெருமை அடிக்கிறார். போன மாதம் லொறி பிரேக் பிடிக்காமல் பாலத்துக்கு இறங்குகிற வழியில் ஒரு மதிலில் போய் நின்றது. ஒருவருக்கும் காயமில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். பிரேக் சரியில்லை என்று சுதேஷுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். சொன்னா வீட்ல கதைச்சி சிரிப்பாங்கதானே நோனா என்றான்.

இனி உன் பெரிய மனுசன். ஐந்து பாஷை தெரியுமாம், ஐந்தில் ஒன்றிலாவது தன்னைப் பற்றி ஒரு குறையைக் கேட்டுக்கொண்டிருக்க அவருக்கு ஏலாது. யார் சொன்னது என்று தேடுகிறவனுக்கு என்ன சொன்னார்கள் என்பதில் அக்கறையில்லை. நீ பெயர்களைக் கொடுத்தால் அவர் ஒருவரையும் உடனே வேலையை விட்டுத் தூக்க மாட்டார், அவ்வளவு முட்டாளாக இருந்தால் அந்தக் கதிரைக்கு வந்திருக்க மாட்டார். ஒரு நாள் கூட்டத்தில் குரலைத் தேன் மாதிரி ஆக்கிக்கொண்டு ஒரு பகிடி விடுவார். அது போதும். எங்கேயோ தூரத்து அலுவலகத்தில் இருக்கிற மூன்று பேரில் ஒருவருக்கு விளங்கும், உன் சொல்லை நம்பினதுதான் தன் பிழை என்று. அடுத்த வருடம் நீ கேட்கும்போது பதினோராயிரம் பேரும் நல்லம் என்று எழுதுவார்கள். அதற்கு உனக்கு ஒரு விருது தருவார்கள், நீ படம் அனுப்புவாய், வாப்பா அதைக் கடையில் மாட்டுவார்.

கொடுக்காதே. உன் சொல் அது, அவருடைய சொத்து இல்லை. வேலை போனால் வா. உன் அறையில் அஸ்ஃபர் சப்பாத்து அடுக்கியிருக்கிறான், எறியச் சொல்கிறேன். ஊர் என்ன சொல்லும் என்று வாப்பா கொஞ்ச நாள் இருமுவார், இருமட்டும். உன் படிப்புக்கு இன்னொரு இடம் கிடைக்கும், கிடைக்காவிட்டாலும் நீ பட்டினி கிடக்க மாட்டாய்.

முனாஸுக்குப் போன் எடு, நம்பர் மாறவில்லை. உங்கள் அலுவலகப் பாஷையில், உங்களுக்கு வருத்தம் ஏற்பட்டிருந்தால் என்று ஆரம்பிக்காதே. நான் சொல்லிட்டேன் முனாஸ் நானா, என்ட பிழை என்று சொல். அவர் நல்லம் என்றுதான் சொல்வார். அதையும் கேட்டுக்கொள்.

தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. அச்சாறுக்கு ஈரக் கரண்டி போடாதே. தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஹயாத்தையும், அந்த மனுசனுக்கு முன்னால் நடுங்காத நாக்கையும் தரட்டும், உன்னை ஈமானோடும் மானத்தோடும் வைத்திருக்கட்டும், ஆமீன்.

வியாழக்கிழமை நீ அழுததையும் சொன்னதையும் நான் வாப்பாவிடமும் அஸ்ஃபரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கும் அதே மேசையில்தான் மூன்று பேரும் சாப்பிட்டோம், வேறு யாரும் இல்லை. பகல் யார் போனில் என்று வாப்பா கேட்டார். நுஹா, சுகமாக இருக்கிறாள் என்றேன்.

உன் உம்மா,
றமீலா மஹ்மூத்