ஐந்து கால் பூனை

அக்கா,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் வகுப்பில் படிக்கும் எதிர்வீட்டுச் சிறுமி நேற்று ஒரு பயிற்சித்தாளோடு அழுதுகொண்டே வந்தாள். மூன்று பூனைகள், மொத்தம் எத்தனை கால்கள் என்று எண்ண வேண்டும். "பதிமூணுதானே வருது ஆன்ட்டி? டீச்சர் ஏன் தப்பு போட்டாங்க?"

பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தருகிறவர்கள் அச்செடுத்துக்கொள்ளட்டும் என்று நானும் என் மகளும் இணையத்தில் போடும் தாள் அது. அடியில் இருந்த என் மகளின் பெயரை மட்டும் மறைத்து ஜெராக்ஸ் போட்டிருக்கிறாய்.

மூன்றாவது பூனைக்கு ஐந்து கால், அக்கா. "ஓடுறப்ப அப்படித்தாம்மா தெரியுது" என்பாள் என் மகள். போன வருஷம் உன் வகுப்பில் படித்தபோது அவள் இதே பூனையை வரைந்ததற்குத்தானே, "இதுக்கு எண்ணவே வராது, வீட்டோட வச்சுக்கோ" என்று எல்லார் முன்னாலும் சொன்னாய்?

வைத்துக்கொண்டேன். இனி பள்ளிக்கு அனுப்பவும் மாட்டேன். அவளைத் திரும்ப அனுப்பச் சொல்லி அம்மாவைத் தூதுவிடாதே. நீ முதலில் அந்தச் சிறுமியின் விடையைத் திருத்து.

பெயர் மறைந்த கதையை என் மகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாளைப் பார்த்து அவளே சொன்னாள்: "அடியில இருந்த என் பேரைப் பெரியம்மா பாக்கல போல. பூனை மேலயே எழுதிடுறேன்."

புதுத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். எத்தனை நகல் வேண்டுமானாலும் எடு. அவள் பெயரின் ஐந்து எழுத்துகளும் இப்போது மூன்றாவது பூனையின் ஐந்து கால்களில் இருக்கின்றன. மறைத்துப் பார், உன் பிள்ளைகள் எண்ண அந்தப் பூனைக்குக் காலே இருக்காது.

இப்படிக்கு,
எண்ணத் தெரிந்தவளின் அம்மா